தறிக்குடோனை ஒட்டிய வீட்டுக்கு எந்த டிவிடி ரைட்டர் சரியாக இருக்கும்?

பல்லடத்தான்:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மேசைக் கணினியில் இருக்கும் டிவிடி ரைட்டர், தட்டை உள்ளே இழுத்துக்கொண்டு சிறிது நேரம் முனகிவிட்டு எதையும் படிக்காமல் வெளியே தள்ளிவிடுகிறது. அது பட்டையான ஐடிஇ கேபிளில் மாட்டிய காலத்துச் சரக்கு. மதர்போர்டில் அதற்குப் பின் வந்த சாட்டா வகை இணைப்பிடங்கள் காலியாக இருப்பதால் புதிதாக ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன்.

எனக்கு அதில் இரண்டு வேலைகள் உண்டு. முதலாவது, 2006-இல் நடந்த தங்கையின் திருமண டிவிடிகளைப் படியெடுத்து வைப்பது. இணைச்சீர், மங்கல வாழ்த்து முதலிய சடங்குகள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. கடைசித் தட்டு மட்டும் பாதிக்கு மேல் சிக்கிச் சிக்கி ஓடுகிறது. இரண்டாவது, குடும்ப விசேஷங்களின் வீடியோவை அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் தட்டில் எழுதிக் கொடுப்பது. பென் டிரைவ் கொடுத்தால் அதை வாங்கிப் பத்திரமாக பீரோவில் வைத்துவிடுவார்கள். டிவியோடு இருக்கும் பழைய பிளேயரில் தட்டைப் போட்டுப் பார்ப்பதுதான் அவர்களுக்குப் பழக்கம்.

காந்திபுரத்தில் விசாரித்த கடையில், கேபினெட்டுக்குள் பொருத்தும் 24 எக்ஸ் ரைட்டரே வேகமானது என்றார்கள். மாமா மகனோ, யுஎஸ்பியில் மாட்டும் மெல்லிய வகையை வாங்கச் சொல்கிறான். அதில் 8 எக்ஸ் என்றுதான் போட்டிருக்கிறது. கணினி இருக்கும் அறைக்கு அடுத்த சுவரில் தறிக்குடோன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதை வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஈரோடு ஸ்டுடியோ:

வணக்கம் தம்பி. திருமண வீடியோத் தொழிலில் இருந்த காலத்தில் தட்டு எழுதுவதே எங்களுக்கு அன்றாட வேலையாக இருந்தது என்பதால், முதலில் இந்த எக்ஸ் கணக்கைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். டிவிடியில் 1 எக்ஸ் என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.385 மெகாபைட். 16 எக்ஸ் என்று எழுதியிருந்தால் தட்டு முழுவதும் அந்த வேகத்தில் எழுதப்படும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அப்படி இல்லை. தட்டு ஒரே சுழற்சி வேகத்தில் சுற்றும்போது உள்வட்டத்தில் ஆறு, ஏழு எக்ஸில் தொடங்கும் எழுத்து, வெளி விளிம்பை நெருங்கும்போதுதான் 16-ஐத் தொடுகிறது. ஆகவே 4.7 ஜிபி தட்டு ஒன்று முழுமையாக எழுதி முடிய 16 எக்ஸில் ஆறு நிமிடம் போல ஆகும், 8 எக்ஸில் எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். இந்த இரண்டு மூன்று நிமிடத்துக்காகத் தட்டை நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்கு மேல் ஓட வைக்கிறோம். சற்றே எடை சமமில்லாத மலிவுத் தட்டு அந்த வேகத்தில் அதிர்ந்தால் பிழைகள் கூடும். 24 எக்ஸுக்குத் தகுந்த தட்டே கடையில் அரிது. நாங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் எதையும் 8 எக்ஸுக்கு மேல் எழுதியதில்லை.

இருந்தாலும் உள்ளே பொருத்தும் வகையைத்தான் நான் வாங்கச் சொல்வேன். அதற்குக் காரணம் வேகம் அன்று. கனமான உடல், உறுதியான மோட்டார், கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து நேரடியாக வரும் 12 வோல்ட், 5 வோல்ட் மின்சாரம் ஆகியவையே காரணம். எல்ஜி, ஏசஸ் இரண்டில் எது கிடைத்தாலும் வீட்டு வேலைக்குப் போதும். சாட்டா டேட்டா கேபிள் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தனியே கேட்டு வாங்கிவிடுங்கள். உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் சாட்டா மின் இணைப்பு இல்லாவிட்டால், பழைய நான்கு முள் இணைப்பிலிருந்து மாற்றும் சிறு கேபிள் கிடைக்கும்.

ரைட்டரை விடத் தட்டில்தான் கவனம் வேண்டும். டிவிடி தட்டு தயாரித்துவந்த மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் உத்தரவானது. அதன் பழைய சரக்கு இன்னும் சில கடைகளில் தூசி படிந்து கிடக்கிறது. வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் வருடக்கணக்கில் நின்ற தட்டை, எந்தப் பெயர் அச்சிட்டிருந்தாலும், மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எழுதும் தட்டில் இருப்பது கரிமச் சாயம். ஒளியும் வெப்பமும் அதற்கு ஆகாது.

உடுமலை வாசகி:

ஸ்டுடியோ அண்ணா வேகத்தைப் பற்றிச் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் கேள்வியின் கடைசி வரிகளில் இருந்த தறிக்குடோனை அவர் கடந்து சென்றுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டிலும் தறி உண்டு. மேசைக் கணினியின் எஸ்எம்பிஎஸ் விசிறியும் பின்புற விசிறியும் காற்றை வெளியே தள்ளுகின்றன; அதற்கு ஈடான காற்று கேபினெட்டின் முன்பக்க இடுக்குகள் வழியாக உள்ளே வருகிறது. அந்த இடுக்குகளில் டிவிடி ரைட்டரின் கதவு ஓரமும் ஒன்று. எங்கள் பழைய ரைட்டரைக் கழற்றிப் பார்த்தபோது, லென்ஸைச் சுற்றியும் அது நகரும் கம்பியின் மசகிலும் வெண்மையான பஞ்சு இழை ஒட்டிக் கம்பளம் போலப் படிந்திருந்தது. தட்டை முனகிவிட்டு வெளியே தள்ளும் உங்கள் ரைட்டருக்கும் அனேகமாக அதே நோய்தான். புதிதாக உள்ளே பொருத்தினாலும் அதே காற்றைத்தான் அது இழுக்கப் போகிறது. நீங்கள் பயன்படுத்தாத நாட்களிலும் இழுக்கும்.

மெல்லிய யுஎஸ்பி வகையை வேலை முடிந்ததும் உறையில் போட்டு அலமாரியில் வைத்துவிடலாம். அதில் இன்னொரு வசதியும் உண்டு. மடிக்கணினி ரைட்டரைப் போல, தட்டு வைக்கும் ட்ரேயுடன் லென்ஸும் சேர்ந்து வெளியே வருவதால், ஊதுபையால் ஊதி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைக்க முடிகிறது. தட்டை வைக்கும்போது மட்டும் நடுவில் விரலால் அழுத்தி, அது டக்கென்று பொருந்திவிட்டதா என்று பார்க்க வேண்டும். பாதி பொருந்திய தட்டு உள்ளே உரசும்.

குறை இல்லாமல் இல்லை. யுஎஸ்பி 2.0 இணைப்பு 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர்தான் தர வேண்டும் என்பது விதி. தட்டைச் சுழற்றி லேசரால் எழுதும் நேரத்தில் இவ்வகை ரைட்டர்கள் அதற்கு மேலும் கேட்கும். எனவே கேபினெட்டின் முன்பக்க இணைப்பில் செருகாமல், பின்னால் மதர்போர்டிலேயே இருக்கும் இணைப்பில் செருகுங்கள். இரண்டு தலை உள்ள கேபிள் தந்திருந்தால் இரண்டையும் செருகுங்கள். மின்சாரம் இல்லாத யுஎஸ்பி ஹப் வழியாக எழுத வேண்டாம்.

மின்சாரம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கணினி தகவலை அனுப்பத் தாமதித்தால் எழுத்து கெடாமல் காக்கும் வசதி இப்போதைய ரைட்டர்கள் எல்லாவற்றிலும் உண்டு. நடுவில் கரண்ட் போனால் அந்த வசதி எதுவும் செய்யாது, தட்டு வீண்தான். யுபிஎஸ் இல்லாவிட்டால், மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்தடை அறிவித்த நாளில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

கோவை பென்குயின்:

இருவரும் எழுதுவதைப் பற்றியே பேசிவிட்டார்கள். எனக்கு அந்தக் கடைசித் திருமணத் தட்டுதான் அவசரமாகத் தெரிகிறது. டிவிடியில் தகவல் உள்வட்டத்திலிருந்து வெளிநோக்கி எழுதப்படுகிறது. விரல் படுவதும் முதலில் கெட ஆரம்பிப்பதும் பெரும்பாலும் வெளி விளிம்பு. அதனால்தான் பாதிக்கு மேல் சிக்குகிறது. அதைப் பிளேயரில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் எழுத்துத் தடத்தோடு சேர்ந்து நீளமாக ஓடி, ரைட்டரின் பிழைதிருத்தத்தையும் மீறிவிடும்.

கோப்புகளை இழுத்துப் போட்டுப் படியெடுத்தால் முதல் பிழையிலேயே நின்றுவிடும். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களை ஒரு கோப்பில் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு அதே தட்டை வேறொரு டிரைவில் போட்டு, விடுபட்ட பகுதிகளை மட்டும் முயலச் சொல்லலாம். ஒரு டிரைவ் கைவிட்ட இடத்தை மற்றொரு டிரைவ் படித்துவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். ஆகவே புதியது எதை வாங்கினாலும், நண்பர் வீட்டு மடிக்கணினியில் ரைட்டர் இருந்தால் அதையும் ஒரு மாலை இரவல் கேளுங்கள்.

எடுத்த படியை வன்தட்டு இரண்டிலாவது வைத்துக்கொள்ளுங்கள். டிவிடியிலேயே நெடுங்காலம் வைக்க விரும்பினால் எம்-டிஸ்க் என்ற வகை இருக்கிறது; அதில் கரிமச் சாயத்துக்குப் பதிலாகக் கனிமப் படலம் இருப்பதால் ஒளியும் வெப்பமும் அவ்வளவு எளிதில் கெடுக்காது. சாதாரண டிவிடி டிரைவே அதைப் படிக்கும். எழுதுவதற்கு மட்டும் அதற்கான குறி போட்ட ரைட்டர் வேண்டும். ஆயிரம் ஆண்டு தாங்கும் என்பது விற்பவர் பேச்சு, அதை விட்டுவிடுவோம். விலை கூடுதல் என்பதால் திருமணத் தட்டுகளுக்கு மட்டும் அது போதும். எனவே வாங்கும்போது பெட்டியின் மேல் எம்-டிஸ்க் குறி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே பொருத்துவதிலும் வெளியே மாட்டுவதிலும் அந்தக் குறி உள்ளவை கிடைக்கின்றன.

பல்லடத்தான்:

மூவருக்கும் நன்றி. தூசியைப் பற்றி அக்கா சொன்னதைப் படித்துவிட்டுப் பழைய ரைட்டரைத் திறந்து பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே இருந்தது. வெளியே மாட்டும் வகையையே, எம்-டிஸ்க் குறி பார்த்து வாங்குகிறேன். ஒரு சந்தேகம் மட்டும் மீதி இருக்கிறது: முன்பு மாமா மகன் எழுதிக் கொடுத்த தட்டு, கணினியில் ஓடியும் அப்பாவின் பிளேயரில் ஓடவில்லை. புதிய ரைட்டரிலும் அப்படி ஆகுமா?

ஈரோடு ஸ்டுடியோ:

தூசி விஷயத்தில் உடுமலைத் தங்கை சொல்வதுதான் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும், தம்பி, ஒத்துக்கொள்கிறேன். பிளேயரில் ஓடாததற்கு ரைட்டர் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. விண்டோஸில் வெறும் தட்டைப் போட்டதும், பென் டிரைவ் போலப் பயன்படுத்தவா, பிளேயரில் போடவா என்று கேட்கும். முதலாவதைத் தேர்ந்தால் பழைய பிளேயருக்கு அந்தத் தட்டு புரியாது. இரண்டாவதைத் தேர்ந்தாலும், செல்பேசியில் எடுத்த எம்பி4 கோப்பை அப்படியே எழுதினால் பழைய பிளேயர் ஏற்காது. டிவிடி ஸ்டைலர் போன்ற இலவச நிரலில் கொடுத்து, நம் நாட்டு டிவிகளுக்கான பால் (PAL) முறையில் டிவிடி வீடியோவாக மாற்றி எழுதுங்கள். ஒரு தட்டில் இரண்டு மணி நேர வீடியோ நல்ல தரத்தில் அடங்கும். அதற்கு மேல் போனால் 8.5 ஜிபி இரட்டை அடுக்குத் தட்டை நாடாமல் இரண்டு தட்டாகப் பிரித்துவிடுங்கள், ஏனென்றால் அடுக்கு மாறும் இடத்தில் பழைய பிளேயர்கள் தடுமாறும். பிளஸ் ஆர் (DVD+R), மைனஸ் ஆர் (DVD-R) என்ற இரண்டு வகைத் தட்டுகளையும் உங்கள் ரைட்டர் எழுதும் என்றாலும், பழைய பிளேயருக்கு மைனஸ் ஆரே பாதுகாப்பு. எழுதி முடித்ததும் தட்டை மூடும் ஃபைனலைஸ் தேர்வு இயங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெயரைத் தட்டின் மேல் ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டாமல், அதற்கென்று விற்கும் மென்முனைப் பேனாவால் எழுதுங்கள். முதல் தட்டை எழுதியவுடன் பெரியப்பா வீட்டுப் பிளேயரிலும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை எழுதத் தொடங்குங்கள்.