கோழி இறகுத் தூள் கலந்தால் பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) ‘தானா’ (மணி) ஏன் பொங்குகிறது?

தாராவிப் பட்டறை:
வணக்கம். 13-ஆம் காம்பவுண்டில் பழைய பிளாஸ்டிக்கை அரைத்து தானா போடுகிறோம். பக்கத்துக் கோழிக்கடைகளில் இறகு மூட்டை மூட்டையாகச் சும்மா கிடைக்கிறது. கழுவி, வெயிலில் காயவைத்து, அரைத்து, பிபியோடு நூற்றுக்கு முப்பது கலந்து 230 டிகிரியில் ஓட்டினேன். மெஷினிலிருந்து வந்த பிளாஸ்டிக் கம்பி முழுக்க ஓட்டை, வளைத்தால் பொசுக்கென்று உடைகிறது. போதாததற்கு முடி கருகும் நாற்றம். மேல்மாடி அக்கா சண்டைக்கே வந்துவிட்டார். பூந்தொட்டி எடுக்கும் சேட் ஒருவர், ‘மக்கும் தொட்டி’ என்று போட்டுக் கொடுத்தால் கூடுதல் விலை தருகிறேன் என்கிறார். வழி உண்டா?

செம்பூர் பாலிமர்:
அண்ணே, சூடு அதிகம். இறகில் சுமார் 90 சதவீதம் கெரட்டின் என்ற புரதம். 200-ஐத் தாண்டினால் சிதைய ஆரம்பிக்கும். அதில் கந்தகம் இருப்பதால்தான் அந்த நாற்றம். பிபி 165 பக்கமே உருகிவிடும், 180-இல் ஓட்டிப் பாருங்கள்.
ஓட்டை ஈரத்தால் வருவது. மும்பை மழைக்காலத்தில் வெளியே காய்வதெல்லாம் காய்ச்சலே இல்லை! ‘அவன்’ அடுப்பில் 100 டிகிரியில் ராத்திரி முழுக்க வைத்து, எடுத்த கையோடு ஹாப்பரில் (மெஷினில் சரக்குப் போடும் வாய்) கொட்டுங்கள். ஆறவிட்டால் மறுபடி ஈரம் இழுக்கும்.
அப்புறம், கெரட்டினும் பிபியும் தானாக ஒட்டாது, அதனால்தான் உடைகிறது. மாலியிக் அன்ஹைட்ரைடு ஏற்றிய பிபி என்று கேளுங்கள், நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து சேர்த்தால் பிடிக்கும். இறகை நூற்றுக்குப் பத்தில் தொடங்குங்கள். நடுத்தண்டை நீக்கிவிட்டு இழையை மட்டும் போட்டால் இன்னும் நல்லது.

மாட்டுங்கா மாமா:
தம்பி, சரக்கு நன்றாக வரட்டும், ஆனால் ‘மக்கும்’ என்று மட்டும் அச்சடிக்காதே. இறகு மக்கிப்போகும், பிபி தூள்தூளாக மண்ணிலேயே கிடக்கும். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்க ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரநிலைச் சோதனையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றும் வேண்டும். சேட் விற்றுவிட்டுப் போவார், பட்டறைப் பெயர்தான் அடிபடும். பிஎல்ஏ என்ற மக்கும் வகைப் பிளாஸ்டிக்கோடு கலந்தால் கதை வேறு, ஆனால் விலை எகிறும். அதுவும் 60 டிகிரிச் சூட்டில் உரமாக்கும் இடத்தில்தான் ஒழுங்காக மக்கும்.
இன்னொன்று, இந்தக் கலப்பு ஸ்க்ராப்பைச் சுத்தமான பிபி மூட்டையில் கலந்துவிடாதே. அடுத்தவன் மெஷின் நாறும்.

தாராவிப் பட்டறை:
சரி மாமா, தொட்டி வேண்டாம், பிரஷ் கைப்பிடி பார்க்கிறேன். பேக்கரிக்காரரின் பழைய ‘அவன்’ அடுப்பு ஒன்று விலைக்கு வருகிறது. அந்த மாலியிக் சரக்கு ஒரு கிலோ, இரண்டு கிலோ சில்லறையாகத் தருவார்களா, இல்லை முழு மூட்டைதானா?