‘டேம்னேஷன்’: தீர்ப்பா, முடிவில்லாத தீயா?

புளியந்தீவான்:
மட்டக்களப்பில் நடக்கும் கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டங்களில் ‘டேம்னேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து, ‘என்றென்றும் எரியும் தீ’ என்று பொருள் சொல்லிப் பிள்ளைகளை நடுங்க வைக்கிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. லத்தீனில் ‘டாம்னும்’ என்றால் இழப்பு, நட்டம். ‘டாம்னாரே’ என்றால் குற்றவாளி எனத் தீர்ப்பளிப்பது. ‘டேமேஜ்’ என்பதும் அதே வேர்தான். வழக்குமன்றத்துச் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இதில் நெருப்பு எங்கே இருக்கிறது?

கல்லாற்று நேசன்:
தம்பி, வேரை வைத்துப் பொருளை முடிவு செய்ய முடியாது. ‘நாற்றம்’ ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்தது. இன்று பூவுக்கு அப்படிச் சொல்வீர்களா? வேதாகமத்தில் மத்தேயு 25:46 ‘நித்திய ஆக்கினை’, அதாவது முடிவில்லாத தண்டனை என்கிறது, அதே வசனம் ‘நித்திய ஜீவன்’ என்றும் சொல்கிறது. ஒன்றுக்கு முடிவு உண்டு என்றால் மற்றதற்கும் உண்டு என்றாகிவிடும். பழைய திருச்சபை அறிஞர் அகுஸ்தீனார் இதைத்தான் கேட்டார். நானும் கேட்கிறேன்.

புளியந்தீவான்:
அண்ணன், அந்த வசனத்தை நான் மறைக்கவில்லை. ஆனால் 1 கொரிந்தியர் 11:29-ஐப் பாருங்கள். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாத விதமாய், இராப்போஜனத்தின் அப்பத்தையும் ரசத்தையும் எடுப்பவனுக்கு வருவது ‘டேம்னேஷன்’ என்று 1611 ஆங்கில வேதாகமம் எழுதியது. கிரேக்கத்தில் இருப்பது ‘க்ரிமா’, அதாவது தீர்ப்பு. 1881 திருத்தப் பதிப்பு அதைத் தீர்ப்பு என்றே மாற்றியது. நம் தமிழ் வேதாகமம் ‘ஆக்கினைத்தீர்ப்பு’ என்கிறது. மூன்று வசனம் தள்ளிப் பவுல் காரணமும் சொல்கிறார்: உலகத்தோடே ஆக்கினைக்குள்ளாகாதபடிக்கே கர்த்தர் நம்மைச் சிட்சிக்கிறார். திருத்துவதற்காக வரும் தண்டனையை நரகம் என்று பயமுறுத்துவது எப்படி நியாயம்?

காத்தான்குடி வாசகன்:
நேசன் காக்கா, குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நரகத்துக்கு முஸ்லிம்கள் நாங்கள் சொல்லும் ‘ஜஹன்னம்’, இயேசு சொன்ன ‘கெஹென்னா’ இரண்டுக்கும் மூலம் எருசலேமுக்குத் தெற்கே உள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர். பிள்ளைகளைத் தீயில் பலியிட்ட இடம் என்று தீர்க்கதரிசி எரேமியா அதைக் கண்டிக்கிறார். நெருப்பு அந்த வழியாக வந்தது, லத்தீன் வழியாக அல்ல.

களுவாஞ்சிகுடியான்:
சைவத்தில் நரகம் உண்டு, ஆனால் அதற்கு முடிவும் உண்டு. வினையை அனுபவித்துத் தீர்த்த உயிர் மீண்டும் பிறக்கும். முடிவே இல்லாத தண்டனையை என்னால் ஏற்க முடியவில்லை.

கல்லாற்று நேசன்:
காத்தான்குடித் தம்பி சொன்ன வரலாறு சரி. கொரிந்தியர் வசனத்திலும் புளியந்தீவான் சொல்வதை ஏற்கிறேன். அதை வைத்து விசுவாசிகளை மிரட்டுவது தவறு. எந்த மனிதரையும் பெயர் சொல்லி ‘இவர் நரகத்தில்’ என்று கத்தோலிக்கத் திருச்சபை அறிவித்ததில்லை, போதகர்களுக்கும் அந்த அடக்கம் வேண்டும். ஆனாலும் 25:46-இல் ‘நித்திய’ என்ற சொல் இரண்டு பக்கமும் நிற்கிறது. அதற்கு இன்னும் நீங்கள் பதில் சொல்லவில்லை.

புளியந்தீவான்:
அங்கே ‘ஆக்கினை’ என்பதற்குக் கிரேக்கச் சொல் ‘கொலாசிஸ்’. திருத்துவதற்கான தண்டனை என்று அரிஸ்டாட்டில் அதைப் பழிவாங்கலிலிருந்து பிரித்துக் காட்டினார். திருத்தம் என்றால் அது எங்கேயாவது முடியத்தானே வேண்டும், அண்ணன்?

கல்லாற்று நேசன்:
அரிஸ்டாட்டிலுக்கும் மத்தேயுவுக்கும் இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது, தம்பி. மீண்டும் வேரைத்தான் பிடிக்கிறீர்கள்.