பட்டியலிலிருந்து நாட்குறிப்பு எழுத முடியுமா? ஒரு மளிகை நோட்டு எழுப்பிய கேள்வி

பெரம்பூர்க்காரி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் கடைசியில் பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய், நாளுக்கு ஒரு பக்கம் உள்ள டைரி ஒன்றை வாங்கி வருவதும், பொங்கல் வரை எழுதிவிட்டு மாட்டுப் பொங்கலோடு அதை மூடி வைப்பதும் எனக்குப் பதினைந்து வருடப் பழக்கமாகிவிட்டது. "இன்று" என்று ஆரம்பித்தால் அலுவலகம், பேருந்து, சமையல் என்று நேற்று எழுதியதே மறுபடியும் வந்து நிற்கிறது. ஆனால் பட்டியல் போடுவதில் மட்டும் எனக்கு ஒருநாளும் சலிப்பு ஏற்பட்டதில்லை. ஊருக்குப் போனால் எடுத்துச் செல்ல வேண்டியவை, திருப்பித் தர வேண்டிய பாத்திரங்கள், கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் என்று எதையாவது வரிசையாக எழுதிக்கொண்டே இருப்பேன்.

சென்ற மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது, காலமான எங்கள் அம்மாவின் மளிகை நோட்டு ஒன்று கிடைத்தது. மாதம் ஒரு பக்கம். பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி. முதல் வரியில் தவறாமல் மஞ்சள். அதன் கீழே து.பருப்பு 2 கிலோ, க.பருப்பு அரை கிலோ, புளி, மிளகாய் என்று பென்சிலில் எழுதிய வரிசை. ஒரு மாதத்தில் மட்டும் "ஜவ்வரிசி 200 கிராம் – பெரியவளுக்குக் காய்ச்சல்" என்று இருந்தது. பெரியவள் என்பது என் அக்கா. அந்த ஒரு வரியைப் படித்தபோது, ஜவ்வரிசிக் கஞ்சி இருந்த எவர்சில்வர் டம்ளரும், அதை அம்மா ஆற்றிக் கொடுத்ததும், எனக்குக் கிடைக்கவில்லையே என்று நான் அழுததும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. என்னுடைய பதினைந்து டைரிகளில் எதைப் புரட்டினாலும் இப்படி ஒன்று வருவதில்லை.

ஆகவே என் சந்தேகம் இதுதான். பட்டியல்களை வைத்து நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உங்களில் யாருக்காவது இருக்கிறதா? எந்த மாதிரித் தலைப்புகளை வைத்துக்கொள்கிறீர்கள்? அது கடைசியில் வெறும் கணக்கு நோட்டாகவே நின்றுவிடாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

தெப்பக்குளத்தார்

சகோதரிக்கு வணக்கம். நான் மயிலாப்பூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். நீங்கள் கேட்பது நம் மொழிக்குப் புதிய பழக்கமன்று. பதினெண்கீழ்க்கணக்கில் இன்னா நாற்பது, இனியவை நாற்பது என்று இரண்டு நூல்கள் இருப்பதைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். துன்பம் தருபவை எவை என்று ஒன்றும், இனிமை தருபவை எவை என்று மற்றொன்றும், பாட்டுக்கு மூன்று நான்காக அடுக்கிக்கொண்டே போகின்றன. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஜப்பானிய அரண்மனையில் அரசிக்குப் பணிபுரிந்த சேய் ஷோனாகன் என்ற பெண்மணியும், எரிச்சலூட்டுபவை, நெஞ்சைப் படபடக்கச் செய்பவை என்றெல்லாம் தலைப்பிட்டுத் தம் அன்றாடத்தைப் பட்டியல்களாக எழுதிவைத்திருக்கிறார்.

இவற்றை வகுப்பில் நடத்திய காலமெல்லாம் மதிப்பெண்ணுக்கு உரிய பகுதிகளாகவே பார்த்துவந்தேன். ஓய்வுக்குப் பிறகு ஒரு நாள் விளையாட்டாக நோட்டை எடுத்து "எனக்கு இன்னாதவை" என்று எழுதிப் பார்த்தேன். பொய் சொல்லுதல், நன்றி மறத்தல், காலந்தாழ்த்துதல் என்று வந்ததே தவிர, அதில் நான் எங்கேயும் இல்லை. எந்த ஆசிரியரும் எந்தக் கரும்பலகையிலும் எழுதக்கூடிய பட்டியல் அது. பிறகு தலைப்பைச் சுருக்கி, "மாட வீதியில் நடக்கும்போது எனக்கு இன்னாதவை" என்று மாற்றினேன். நடைபாதையில் ஏறி வரும் பைக்; அறுபத்து மூவர் திருவிழா முடிந்த மறுநாள் காலில் ஒட்டும் தொன்னைகள்; வழியில் நிறுத்தி "சார், என்னைத் தெரிகிறதா?" என்று கேட்பவரின் பெயர் நினைவுக்கு வராத அந்த நொடி. மூன்றாவதை எழுதியவுடன் பட்டியலை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கம் எழுதினேன். அன்று எனக்கு நினைவுக்கு வராத பெயர், நான் ஒரு முறை காரணமில்லாமல் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்த மாணவனுடையது.

ஆகவே தலைப்பில் ஓர் இடமோ, ஒரு பொருளோ, ஓர் ஆளோ இருக்கட்டும். "நான் நன்றி சொல்ல வேண்டியவை" போன்ற தலைப்புகளை இப்போது எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். எனக்கு அவை ஐந்தாவது வரியிலேயே வற்றிவிடுகின்றன.

மூன்றாம் மாடி

ஆசிரியர் ஐயா தலைப்பைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். என் அனுபவத்தில் பட்டியலை எழுதும் விதமும் முக்கியம் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் வைத்துக்கொண்ட தலைப்பு "நான் தண்ணீர் பிடித்த இடங்கள்". சென்னையில் வாடகை வீடுகளிலேயே வளர்ந்தவர்களுக்கு இது வீட்டு முகவரிகளைவிட நம்பகமான வரலாறு என்று நினைக்கிறேன். சமையலறைக் கடிகாரத்தில் பத்து நிமிடம் வைத்துக்கொண்டு, வாக்கியம் எதுவும் அமைக்காமல், எண் போட்டுச் சொற்களை மட்டும் எழுதினேன். திருவல்லிக்கேணியில் ஆறு குடித்தனத்துக்கும் பொதுவான அடிபம்பு, கைப்பிடியில் சுற்றிய சைக்கிள் டியூப். சூளைமேட்டில் தெருமுனைக்கு வரும் லாரி, வரிசையில் இடம் பிடிக்க வைத்த உடைந்த பச்சைக் குடம். வில்லிவாக்கத்தில் உப்பு நீர் மட்டுமே வந்த ஆழ்துளைக் கிணறு. பிறகு 2019, ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த அந்த ஜூலை மாதம். செய்தியில் அந்த ரயிலைக் காட்டிய இரவைப் பற்றி எட்டாவதாக நான் எழுதிய வரி இது: "எதிர்வீட்டு மொட்டைமாடித் தொட்டி, இரண்டு குடம், கேட்காமல்."

"கேட்காமல்" என்ற சொல்லை எழுதும்போது பேனா நின்றுவிட்டது. அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிட்டுப் பட்டியலை முடித்தேன். மறுநாள் காலை வேறு எதையும் பார்க்காமல் அந்தப் புள்ளியிலிருந்தே எழுதத் தொடங்கினேன். குழாயைத் திறந்தபோது கேட்ட சத்தம், அதை அடக்கக் குழாயின் வாயில் சுற்றிய துண்டு, இறங்கி வரும்போது படியில் சிந்திய நீரைப் புடவைத் தலைப்பால் துடைத்தது, அடுத்த வாரம் அந்த வீட்டு அம்மாள் தாமாகவே ஒரு குடம் கொண்டுவந்து கொடுத்தபோது நான் வாங்க மறுத்தது. நான்கு பக்கம் வந்தது. "2019 கோடையைப் பற்றி எழுது" என்று யாராவது சொல்லியிருந்தால் செய்தித்தாளில் வந்ததைத்தான் எழுதியிருப்பேன்.

அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரியும் இளம் வயதில் ஏரி, இரவு, பள்ளத்தாக்கு என்று வெறும் பெயர்ச்சொற்களை வரிசையாக எழுதிவைத்து, அவற்றிலிருந்தே கதைகளை எடுத்தார். என் அனுபவத்தில் பட்டியல் போடுவதும் அதிலிருந்து எழுதுவதும் ஒரே அமர்வில் நடந்தால் இரண்டும் கெட்டுவிடுகின்றன. இடையில் ஓர் இரவாவது போகட்டும்.

கணக்கெழுதி

எல்லோரும் பட்டியலை ஏதோ ஊறவைத்த அரிசிபோல நினைத்து, அதை அரைத்து மாவாக்கினால்தான் பயன் என்று சொல்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டியலே நாட்குறிப்புதான், "கணக்கு நோட்டாக நின்றுவிடுமோ" என்று கேள்வி கேட்டவர் அஞ்சவே வேண்டியதில்லை.

உங்கள் பெரம்பூரில் 1709-இல் பிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், எந்தக் கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யாருக்கு எத்தனை பீரங்கிக் குண்டு போட்டு மரியாதை செய்தார்கள் என்பன போன்ற குறிப்புகள் நிறைய உள்ளன. வியாபாரியின் கணக்குக் கண்ணோடு எழுதப்பட்டதால்தான் அந்தக் காலத்தை இன்று நம்மால் தொட்டுப் பார்க்க முடிகிறது.

என் நோட்டிலிருந்து ஒன்றைத் தருகிறேன். 2015 டிசம்பர் 1, சென்னை வெள்ளத்தின் இரவு, ஜாபர்கான்பேட்டை. "பரணில் ஏற்றியவை: கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, சான்றிதழ் உறை, தாத்தா படம், மிக்ஸி. ஏற்ற மறந்தவை: கல்யாண ஆல்பம், என் மூக்குக் கண்ணாடி." இதற்கு மேல் ஒரு வாக்கியம் சேர்த்தாலும் அந்த இரவு நீர்த்துப்போகும் என்பது என் கருத்து. மிக்ஸியை ஏற்றிவிட்டு ஆல்பத்தை மறந்ததற்கு என் மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார் என்பதை மட்டும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன்.

நான் வைத்திருக்கும் விதி ஒன்றே. தேதி, அளவு, விலை ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தேதியில்லாத பட்டியல் சட்டைப்பையில் துவைபட்டுப்போகும் துண்டுச் சீட்டுக்குச் சமம்.

இரவுப்பணி

நான் செவிலியர். மேலே பேசப்படாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாளை செய்ய வேண்டியவற்றின் பட்டியலையும் இங்கே பேசப்படும் நினைவுப் பட்டியலையும் ஒரே நோட்டில் கலக்காதீர்கள். அவை செய்யும் வேலை வேறு. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. 57 பேரில் ஒரு பகுதியினர் படுக்கும் முன் ஐந்து நிமிடம், இனிச் செய்ய வேண்டிய வேலைகளைப் பட்டியலிட்டார்கள். மற்றவர்கள் முடித்துவிட்ட வேலைகளை எழுதினார்கள். முதல் பகுதியினர்தாம் விரைவாக உறங்கினார்கள். எனக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது. அந்தச் சீட்டை மறுநாள் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

நினைவுப் பட்டியலை நான் பகலில் மட்டுமே தொடுகிறேன். அப்பாவின் கடைசி மாதத்து மருந்துச் சீட்டை வைத்து ஒருமுறை இரவில் எழுத உட்கார்ந்து, விடியும்வரை தூங்காமல் போய்விட்டது. மனத்தைப் பாதித்த நிகழ்வுகளை நாளுக்குப் பதினைந்து நிமிடம் வீதம் நான்கு நாட்கள் எழுதவைத்து உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்விலும், எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்தது என்றும், பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது என்றும் பதிவாகியுள்ளது. அம்மாவின் நோட்டு என்பதால் சொல்கிறேன், சகோதரி. நேரத்தை அளந்துகொண்டு உட்காருங்கள்.

பெரம்பூர்க்காரி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வருவதற்கு மன்னிக்கவும்.

ஆசிரியர் ஐயா சொன்னபடி தலைப்பைச் சுருக்கி, "அம்மா மளிகை நோட்டில் அடித்துவிட்டவை" என்று வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் பத்து நிமிடம் மட்டும் எடுத்துக்கொண்டு, பென்சிலால் குறுக்கே கோடு போட்டிருந்த பொருட்களை மாதத்தோடும் அளவோடும் எடுத்து எழுதினேன். இதற்கு முன் நோட்டைப் படித்தபோது எழுதியிருந்தவற்றைத்தான் பார்த்தேனே தவிர, அடித்திருந்தவற்றைப் பார்க்கவில்லை.

1996 ஆகஸ்ட் மாதம் முந்திரியும் திராட்சையும் அடிக்கப்பட்டிருந்தன. செப்டம்பரில் நெய் அரை கிலோ என்பது கால் கிலோவாகி, அதற்கும் கோடு. அக்டோபரில் உளுந்து பாதியாகியிருந்தது. அப்பா வேலை பார்த்த இடத்தில் சம்பளம் நின்றுபோன வருடம் அது என்பது எனக்குத் தெரிந்ததுதான். நவம்பரில் "காபித் தூள் அரை கிலோ" அடிக்கப்பட்டு, அதன் கீழே சிறிய எழுத்தில் "அவருக்கு மட்டும் 100 கிராம்" என்று இருந்தது. அந்த வரியில் புள்ளி வைத்தேன்.

கணக்கெழுதி சொன்னது சரியாக இருக்கலாம். அந்த வரிக்குப் பக்கத்தில் நான் எதை எழுதினாலும் அது கூடுதலாகத்தான் தெரிகிறது. இருந்தாலும் மறுநாள் ஒரு பக்கம் எழுதினேன். காலையில் கேழ்வரகுக் கஞ்சி குடித்தால்தான் மூட்டு வலி குறைகிறது என்று அம்மா அப்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டு அக்காவுக்கும் அதையே சிபாரிசு செய்தார். அப்போது அம்மாவுக்கு வயது முப்பத்தாறு. இரவு அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, அம்மாவுக்கு அந்த வயதில் மூட்டு வலி இருந்ததா என்று கேட்டேன். அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நோட்டை அப்படியே படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.