போர் மறுநிகழ்த்தல் படங்கள் மங்கலாக வருகின்றன. லென்ஸ் மாற்ற வேண்டுமா?

கூழாங்கல்:

வணக்கம் நண்பர்களே. இடைக்காலப் போர்களைக் கவசம், வாள், கேடயம் சகிதமாக நடத்திக் காட்டும் நிகழ்ச்சிகளைப் படமெடுத்து வருகிறேன். கையில் இருப்பது கிராப் சென்சார் (படம் பதியும் சில்லு சற்றுச் சிறியது) மிரர்லெஸ் கேமரா. அதோடு வந்த 16-50, 50-250 மி.மீ. (எஃப்/4.5-6.3; எஃப் எண் சிறிதானால் லென்ஸ் திறப்பு பெரிது) ஜூம் லென்ஸ்கள் இரண்டும், தனியாக ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸும் உண்டு. பார்வையாளர் கயிற்றிலிருந்து 15 மீட்டரில் தொடங்கி 40 மீட்டர் வரை சண்டை நடக்கும்.

250ல் வைத்து எடுத்ததில் பாதிக்கு மேல் தேறவில்லை. சிலவற்றில் முகம் மங்கல், சிலவற்றில் வாள் வெறும் கோடு, சிலவற்றில் எல்லாமே கலங்கல். ஷட்டர் 1/320 நொடி, எஃப்/6.3, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோ, அதற்கு வரம்பு 800. 70-200 எஃப்/2.8 வாங்கினால் சரியாகிவிடுமா? சேமிப்பு மொத்தமும் அதில் போய்விடும். அதனால்தான் முதலில் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

மூன்றாம்வரிசை:

லென்ஸ் பேச்சு அப்புறம். மங்கலான படம் ஒன்றை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, சண்டை போடுபவரின் காலடிப் புல்லைப் பாருங்கள். புல் தெளிவாக இருந்து கையும் வாளும் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. புல் மங்கலாக இருந்து, அவருக்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருந்தால் உங்கள் கை ஆடியிருக்கிறது. எது என்று சொல்லுங்கள்.

கூழாங்கல்:

பார்த்துவிட்டேன். மூன்றுமே இருக்கின்றன! அதிகம் இருப்பது முதல் வகை. அடுத்தபடியாக, முன்னால் குறுக்கே வந்தவரின் கேடயம் பளிச்சென்று இருக்கிறது, நான் குறிவைத்த ஆள் மங்கல். கை ஆட்டம் கொஞ்சம்தான், லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது.

மூன்றாம்வரிசை:

அந்த ஸ்டெபிலைசேஷன் உங்கள் கையைத்தான் அடக்கும், எதிரில் இருப்பவரின் கையை அல்ல. வாள் முனை நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/320ல் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் அது 6 செ.மீ. நகர்ந்துவிடும். 1/2000ல் 1 செ.மீ.தான். எனவே சண்டைக்கு 1/1000க்குக் கீழே இறங்காதீர்கள், ஓங்கி வீசும் நேரத்துக்கு 1/2000. ஐஎஸ்ஓ வரம்பை 800ல் கட்டிப்போட்டதுதான் உங்கள் கேமராவை இத்தனை நாளும் திணற வைத்திருக்கிறது. 3200 வரை அவிழ்த்துவிடுங்கள். புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்தால் மென்பொருளில் குறைக்கலாம். இழுபட்ட வாளை எந்த மென்பொருளும் நேராக்காது.

இப்போது லென்ஸ். 15 மீட்டரில் நிற்பவரை 250ல் எடுத்தால் சட்டத்துக்குள் வருவது கிட்டத்தட்ட 1.4 மீட்டர் அகலம். வாள் வெளியே போய்விடும், எதிராளியும் வெளியே. அந்த லென்ஸின் 250 முனை 40 மீட்டர் தூரத்துக்கு உரியது. அங்கே 3.7 மீட்டர் அகலம் கிடைக்கும், ஒரு ஜோடி முழுசாக அடங்கும்.

70-200 எஃப்/2.8 வாங்கினால் எஃப்/6.3ஐ விட ஐந்து மடங்கு வெளிச்சம் வரும், உண்மைதான். 1/320 இருந்த இடத்தில் 1/1600 வைக்கலாம். ஆனால் அதே 15 மீட்டரில் 200ஐ எஃப்/2.8ல் திறந்தால் தெளிவாக இருக்கும் ஆழம் 60 செ.மீ. சொச்சம். உங்கள் லென்ஸில் இப்போது 90 செ.மீ. இருக்கிறது. வாள் வீச்சு தூரத்தில் நிற்கும் இருவரில் ஒருவர்தான் தெளிவாக வருவார்.

என் யோசனை 85 மி.மீ. எஃப்/1.8. 15 மீட்டரில் 4 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் உயரம். இருவரும், ஓங்கிய வாளும் சேர்ந்து அடங்குவார்கள். எஃப்/1.8ல் திறந்தாலும் இரண்டு மீட்டருக்கு மேல் ஆழம் தெளிவாக இருக்கும். வெளிச்சம் எஃப்/6.3ஐப் போல 12 மடங்கு. எடையும் விலையும் அந்தப் பெரிய ஜூமுக்குப் பக்கத்தில்கூட வராது. அதற்கும் முன்னால், பையில் தூங்கும் 50ஐ எடுங்கள். இரண்டு அணிகள் கேடயத்தோடு கேடயம் மோதும் நேரத்துக்கு 7 மீட்டர் அகலம் தருகிற அந்த லென்ஸ்தான் சரி.

தொலைகண்:

85க்கு ஆதரவாக எல்லாம் சரி, ஆனால் சண்டை 15 மீட்டரில் நின்று நமக்காகக் காத்திருக்காதே! ஒரே தாக்குதலில் 40லிருந்து 15க்கு ஓடி வந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் ஜூம் இல்லாமல் தவிப்பதை நான் விரும்பமாட்டேன். 70-200 எடுத்து எஃப்/4ல் வையுங்கள், ஆழமும் கிடைக்கும். எல்லாவற்றையும் எஃப்/2.8ல்தான் எடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

மூன்றாம்வரிசை:

எஃப்/4ல் வைக்கலாம், மறுக்கவில்லை. அவர் சேமிப்பு மொத்தத்தையும் கொட்டி அங்கே வந்து நிற்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. பகல் வெளிச்சத்தில் அந்த 50-250யே 1/1600, ஐஎஸ்ஓ 1600 என்று ஓடிவிடும். மாலையில்தான் அது கைவிடும்.

பழையகண்ணாடி:

ஃபோகஸ் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. முகம் முழுக்க மூடிய தலைக்கவசத்தில் கேமராவின் கண் தேடும் வசதி திணறும். கண் தெரிவது ஒரு பிளவு வழியாக, அதுவும் நிழலில். அதை நம்பாமல் சிறிய ஃபோகஸ் கட்டத்தை மார்பில் வையுங்கள். கவசத்தின் மேல் போடும் துணிச் சட்டையில் சின்னமோ கட்டமோ இருந்தால் ஃபோகஸ் பிடித்துக்கொள்ளும். வெறும் பளபளத் தகட்டில் வழுக்கும்.

குறுக்கே வரும் கேடயத்துக்கு மெனுவில் வழி உண்டு. நடுவில் ஏதாவது மறைத்தால் ஃபோகஸ் உடனே அதற்குத் தாவ வேண்டுமா, கொஞ்சம் பொறுக்க வேண்டுமா என்று கேட்கும் அமைப்பு பல கேமராக்களில் இருக்கிறது. பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதைப் பொறுக்கும் பக்கம் தள்ளுங்கள். ஈட்டிக் காட்டுக்குள் இது ரொம்ப உதவும்.

வெயிலில் தகடு மின்னுவதைப் பார்த்துப் பயந்து எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) அதிகம் இறக்காதீர்கள். சின்னச் சின்ன மினுக்கம் வெளுத்துப் போனால் போகட்டும், உலோகம் அப்படித்தான். அதைக் காப்பாற்றப் போனால் தலைக்கவசத்துக்குள் இருக்கும் முகம் கரிக்கட்டையாகிவிடும். -0.7 போதும், ரா (RAW, கேமரா பதப்படுத்தாத கோப்பு) வடிவில் எடுங்கள். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் வடிகட்டி) போடலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள்: வேண்டாம். வெற்று உலோகத்தின் பளபளப்பை அது பெரிதாகக் குறைக்காது, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வெளிச்சத்தை மட்டும் தின்றுவிடும்.

தொலைகண்:

இன்னொன்று, மதிய வெயிலில் 40 மீட்டருக்கு அப்பால் உள்ளதை 250ல் எடுத்தால் தரையிலிருந்து எழும் கானல் படத்தை நெளிய வைக்கும். "எல்லாமே கலங்கல்" என்றீர்களே, அதில் சில இதுவாக இருக்கலாம். ஒரே காட்சியின் தொடர் படங்களில் ஓரங்கள் ஒவ்வொன்றிலும் வேறு மாதிரி நெளிந்திருந்தால் கானல்தான். அதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை, கிட்டே வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கூழாங்கல்:

நிறையக் கிடைத்தது, நன்றி. இரண்டு கேள்வி பாக்கி. சில படங்களில் வாள் மங்கலே இல்லை, ஆனால் அரிவாள் போல வளைந்திருக்கிறது! 1/4000ல்கூட அப்படித்தான். இன்னொன்று, களத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் கூட்டமும் வாகனங்களும் எல்லாப் படத்திலும் வந்து நிற்கின்றன.

பழையகண்ணாடி:

சத்தமில்லாத மோடில் எடுத்திருப்பீர்கள். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கும். கடைசி வரியைப் படிப்பதற்குள் வாள் நகர்ந்துவிடுகிறது. படிக்க ஆகும் நேரம் மாறாது என்பதால் 1/4000 வைத்தாலும் வளைவு போகாது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறுங்கள். அந்த இரும்புச் சத்தத்துக்கு நடுவே உங்கள் கேமரா கிளிக் யார் காதில் விழப்போகிறது?

மூன்றாம்வரிசை:

இரண்டாவதற்கு லென்ஸை விட நிற்கும் இடம்தான் முக்கியம். கயிற்றின் நடுவில் நின்றால் எதிரில் கூட்டம்தான் தெரியும். களத்தின் மூலைக்குப் போய், அணி நிற்கும் வரிசையை நீளவாக்கில் பாருங்கள். அங்கிருந்து 200க்கு மேல் வைத்தால் வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி, முப்பது பேர் முந்நூறு பேர் போலத் தெரிவார்கள். பின்னணியில் மரமோ மேடோ வருகிற மூலையாகப் பார்த்து முன்கூட்டியே இடம்பிடிக்க வேண்டும். பின்னால் கூட்டம் இருந்தே தீரும் என்றால் முழங்காலிட்டு உட்காருங்கள், ஆட்கள் வானத்தின் மேல் எழுந்து நிற்பார்கள்.

16-50ஐச் சண்டைக்கு எடுக்காதீர்கள். அது முகாமுக்கு: கவசம் பூட்டும் நேரம், ஆயுதப் பரிசோதனை, கூடாரம். கேட்டுவிட்டுக் கிட்டே போங்கள், பெரும்பாலும் ஆசையாக நின்று காட்டுவார்கள். கயிற்றை மட்டும் தாண்ட வேண்டாம். வாள் மழுங்கலாக இருந்தாலும் இரும்பு இரும்புதான், தலைக்கவசத்துக்குள் இருப்பவருக்குப் பக்கவாட்டில் வரும் ஆளும் தெரியாது.

உப்புக்காகிதம்:

குறுக்கிடுகிறேன். இதையெல்லாம் பழைய புகைப்படம் போலச் செபியா ஆக்கினால் எப்படி இருக்கும்?

பழையகண்ணாடி:

வாள் சண்டைக்கா? அந்தக் காலத்தில் கேமராவே கிடையாதே! 19ஆம் நூற்றாண்டுப் போர் என்றால் யோசிக்கலாம், அதிலும் சண்டைக் காட்சிக்கு வேண்டாம். 1855ல் பிரிட்டிஷ் புகைப்படக்காரர் ரோஜர் ஃபென்டன் கிரிமியப் போரில் எடுத்தவை ஈரத்தகட்டுப் படங்கள் (ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடு ஈரமாக இருக்கும்போதே எடுப்பவை), ஒளி பதியவே பல நொடி ஆகும். 1861-65 அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் அதே முறைதான். அதனால் முகாம், அதிகாரிகள், சண்டை முடிந்த களம் என்று அசையாதவைதான் இருக்கின்றன. பாயும் குதிரையைச் செபியா ஆக்கினால் உடனே பொய் என்று தெரிந்துவிடும்.

முகாமில் அசையாமல் நிற்கும் ஒருவரை எடுங்கள், நம்ப முடியும். 1840ல் வந்த பெட்ஸ்வால் லென்ஸின் பாணி அதற்குப் பொருந்தும்: நடுவில் கூர்மை, ஓரத்தில் பின்னணி சுழல்வது போன்ற மங்கல். சோவியத் காலத்து ஹீலியோஸ் 44-2, 58 மி.மீ. எஃப்/2, கிட்டத்தட்ட அந்தச் சுழலைத் தரும். கிராப் சென்சாரில் ஓரம் வெட்டுப்படுவதால் சுழல் கொஞ்சம் குறையும். ஃபோகஸ் கையால்தான், சண்டைக்கு நினைக்கவே வேண்டாம்.

கூழாங்கல்:

அடுத்து போகப்போவது துப்பாக்கிப் படை நிகழ்ச்சி, அந்தி நேரம். குழல் வாயில் தீ வருவதைப் பிடிக்க இதே 1/2000 தானா?

தொலைகண்:

இல்லை, அங்கே தலைகீழ். நொடிக்கு 10 படம் வீதம் 1/2000ல் எடுத்தால், ஒரு முழு நொடியில் ஷட்டர் திறந்திருப்பது மொத்தமே 5 மில்லி நொடி. தீ இரண்டு படங்களுக்கு நடுவில் வந்து போய்விடும். 1/60ல் வைத்தால் 167 மில்லி நொடி, வாய்ப்பு பல மடங்கு. சுடும்போது வரிசை அசையாமல் நிற்கும் என்பதால் 1/60 தாங்கும், மாட்டும் லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் அதுவும் அங்கேதான் உண்மையில் வேலை செய்யும். 50ஐ எஃப்/2.8ல் வையுங்கள். ஃபோகஸை முன்பே பிடித்துப் பூட்டிவிடுங்கள். முதல் வேட்டுக்குப் பிறகு புகையில் கேமரா எதையும் கண்டுபிடிக்காது, முன்னும் பின்னும் அலையும்.

சுடும் உத்தரவுக்கு முந்தின உத்தரவு எது என்று கேட்டு வைத்துக்கொண்டு, அதிலேயே பர்ஸ்டை (தொடர் படமெடுப்பை) தொடங்குங்கள். சக்கிமுக்கித் துப்பாக்கியில் முதலில் பக்கவாட்டுக் கிண்ணத்தில் மருந்து பற்றும், அதற்குப் பிறகுதான் குழல் வாயில் தீ. காற்று உங்கள் பக்கம் வீசினால் வேறு மூலைக்குப் போய்விடுங்கள். அந்தப் புகைக்குள் லென்ஸைக் கழற்றி மாட்ட வேண்டாம், எதை மாட்டுவது என்று தொடங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.