மறு: ‘வலி ஏற்பி’ போதுமா? ‘தீங்குணரி’ என்றொரு முன்மொழிவு

> மீனுக்கும் நமக்கும் இருப்பது ஒரே வகை நரம்பு முனைதானே. ‘வலி ஏற்பி’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

எனக்கு உடன்பாடில்லை. ‘வலி ஏற்பி’ என்று நீங்கள் சொல்லும் அந்த நரம்பு முனை வலியை ஏற்பதே இல்லை. சூடு, அழுத்தம், அமிலம் முதலியவை திசுவைக் கெடுக்கும் அளவுக்குப் போனால் சேதி அனுப்பும், அவ்வளவுதான். பொது மயக்கத்தில் அறுவை நடக்கும்போதும் அது சேதி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது, நோயாளிக்கு வலிப்பதில்லை. 1906-லேயே நரம்பியல் அறிஞர் ஷெரிங்டன் இதற்கு nociceptor என்று, வலியைச் சுட்டாத தனிச்சொல் வைத்துவிட்டார்.

‘மீனுக்கு வலி ஏற்பி உண்டு’ என்று பாடநூலில் எழுதிவிட்டால், மீனுக்கு வலிக்குமா என்று மாணவர் கேட்கவே இடமிருக்காது. 2003-இல் உயிரியலாளர் லின் ஸ்னெடன் குழுவினர் டிரவுட் மீனின் தலையில் இந்த முனைகளைக் கண்டார்கள். அதை மட்டும் வைத்து வலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உதட்டில் அசிட்டிக் அமிலம் ஏற்றப்பட்ட மீன்கள் அந்த உதட்டைத் தொட்டியின் சரளைக்கற்களில் தேய்த்தன. இப்படியும் அப்படியுமாக ஆடின. நெடுநேரம் இரையைத் தொடவில்லை. மார்ஃபின் கொடுத்ததும் தேய்ப்பது குறைந்தது. இதை அனிச்சைச் செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. காலிச் சங்குக் கூட்டில் குடியிருக்கும் துறவி நண்டும் அப்படித்தான்: மின்னதிர்ச்சி பட்டால் பிடிக்காத கூட்டை எளிதில் விட்டு வெளியேறுகிறது, பிடித்த கூடென்றால் தாக்குப்பிடிக்கிறது.

நம்மைப் போலவே வலிக்கிறது என்று சொல்ல மாட்டேன். நம்முடைய பெருமூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு) மீனுக்கு இல்லை. அதற்காக வலியே இல்லை என்பதும் அநியாயம். 1980கள் வரை பச்சிளங்குழந்தைகளுக்கே போதிய வலிநீக்கி இல்லாமல் அறுவை செய்தார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாததால் வலி இல்லை என்று ஆகாது, இது விலங்குக்கும் பொருந்தும் என்று 2020-இல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் தன் வரையறைக் குறிப்பில் தெளிவாக்கியது.

இனி சொல்லுக்கு வருவோம். ஊறு என்றால் தீங்கு என்பதால் ‘ஊறுணரி’ அழகுதான். ஆனால் சுவை, ஒளி, ஊறு, ஓசை, நாற்றம் என்ற குறள் வரிசையில் ஊறு என்பது தொடுவுணர்வு, குழப்பும். ‘நோவுணரி’யில் வலி பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. ஆகவே முனைக்குத் ‘தீங்குணரி’. புகை உணரி, வெப்ப உணரி என்று கருவிகளுக்கே வழங்குவதால் ‘உணரி’ மனத்தைச் சுட்டாது. முனை சேதி அனுப்பும் நிகழ்வுக்குத் ‘தீங்குணர்வு’ வேண்டாம், ‘தீங்குணர்த்தல்’ போதும்: நரம்பு உணர்த்துகிறது, உணர்வது உயிர். ‘வலி’யை அந்த உணர்வுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம்.

அந்தச் சேதியைக் கொண்டுபோகும் நரம்புக்குத் ‘தீங்குணர்த்து நரம்பு’ என்பது நீளமாகப் படுகிறது. உயிரியல் கற்பிக்கும் நண்பர்கள் இதற்குச் சுருக்கமாக ஒன்று சொல்லுங்கள்.