நான்கும் நடுவில் விழுந்தால் பயிற்சியாளர் என்ன செய்ய வேண்டும்?

ஒயிட்ஃபீல்டு வாசகி:
எங்கள் அலுவலகத்தில் குழுத் தலைவர்களுக்கு டிஸ்க் (DISC) என்ற ஆளுமை மதிப்பீடு நடத்தினார்கள். ஆதிக்கம், செல்வாக்கு, நிலைத்தன்மை, ஒழுங்கு என நான்கு அளவுகள். என் தோழிக்கு நான்கு புள்ளிகளும் நடுக்கோட்டை ஒட்டியே விழுந்தன. மற்றவர்களிடம் நெடுநேரம் பேசிய பயிற்சியாளர் இவரிடம் மட்டும், "உங்களுக்கு எல்லாம் சமமாக இருக்கிறது, எங்கும் பொருந்திப்போவீர்கள்" என்று வாழ்த்தி அனுப்பிவிட்டார். எனக்கு மனம் ஆறவில்லை. இப்படிப்பட்டவர்களுக்குத்தான் பயிற்சி கூடுதலாகத் தேவை. ஓர் உதாரணம்: டெஸ்டிங் குழு மென்பொருள் வெளியீட்டை ஒரு வாரம் தள்ளச் சொல்கிறது. வாடிக்கையாளர் தரப்பு வெள்ளிக்கிழமையே வேண்டும் என்கிறது. தோழிக்கு இரண்டு நியாயமும் புரிகிறது. அவரவர்க்கு ஏற்றபடி இதமாகப் பேசுகிறார். அறையை விட்டு வெளியே வரும்போது இரு தரப்பும் அவர் தங்கள் பக்கம் என்றே நம்புகின்றன. வியாழன் மாலை வெடிக்கிறது.

அல்சூர்க்காரன்:
மேடம், ஆதங்கம் நியாயமானது. ஆனால் அந்த வரைபடத்தை நம்பி ஆளை எடைபோடுவதை நான் ஏற்க மாட்டேன். டிஸ்க்கின் வேர் உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1928இல் எழுதிய நூல். அவர் கேள்வித்தாள் எதையும் உருவாக்கவில்லை. அது பின்னால் வந்தவர்களின் வேலை. பழைய வகைத் தாளில் நான்கு நான்கு சொற்களாகக் கொடுத்து, மிகவும் பொருந்துவது எது, மிகக் குறைவாகப் பொருந்துவது எது என்று கேட்பார்கள். ஒன்றைக் குறித்தால் மற்றவை தானாகப் பின்தங்கும். அதனால் சமமான கோடு வந்தவர் நான்கிலும் வல்லவரா, நான்கிலும் மந்தமானவரா என்று அந்தத் தாள் சொல்லாது. மேலிடம் எதை எதிர்பார்க்கிறதோ என்று யோசித்து மாற்றி மாற்றிக் குறித்தாலும் இதே கோடு வரக்கூடும். இதை வைத்து என்ன பயிற்சி கொடுப்பது?

பனசங்கரி வாசகர்:
ஒரு சிறு சேர்க்கை. ஐந்து பெரும் பண்புகள் (Big Five) என்ற இன்னொரு ஆளுமை அளவீட்டில் பெரும்பாலானோர் நடுப்பகுதியில்தான் வருகிறார்கள். 2013இல் உளவியலாளர் ஆடம் கிராண்ட் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி விற்பனையில் அதிக வருவாய் ஈட்டியவர்கள் கலகலப்புக்கும் ஒதுக்கத்துக்கும் நடுவில் இருந்தவர்களே. நடுவில் இருப்பதை நோயாக்காதீர்கள்.

ஒயிட்ஃபீல்டு வாசகி:
நோய் என்று யார் சொன்னது? விற்பனை அழைப்பில் எதிரே ஒருவர்தான். அவருக்கு ஏற்ப வளைந்தால் போதும். குழுத் தலைவருக்கு எதிரெதிரான இருவர் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே வளைந்துகொண்டே இருப்பது ஆளைத் தின்றுவிடும். மாரத்தஹள்ளி நெரிசலில் அலுவலக பஸ் நிற்கும்போது, பேசக்கூடத் தெம்பில்லாமல் கண்ணாடியில் தலை சாய்த்திருக்கும் தோழியைப் பக்கத்து இருக்கையிலிருந்து பார்க்கிறேன்.

அல்சூர்க்காரரே, தாள் பதில் சொல்லாது என்பது சரி. அதனால்தான் பயிற்சியாளர் பேச வேண்டும். அண்மையில் எடுத்த கடினமான முடிவுகள் சிலவற்றை எடுத்துக்கொள்ளட்டும். எங்கே அழுத்திச் சொன்னீர்கள், எங்கே விட்டுக்கொடுத்தீர்கள், எதைப் பார்த்து அப்படித் தீர்மானித்தீர்கள், எதற்குப் பிறகு அதிகம் சோர்ந்தீர்கள் என்று கேட்கட்டும். ஆதிக்கம் ஓங்கியவருக்கு 'கொஞ்சம் பொறுங்கள்' என்ற ஒரே அறிவுரை பல இடங்களில் உதவும். இவருக்கு அப்படி ஒன்று கிடையாது. இந்த இடத்தில் நான்கில் எந்த முகம் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, அதை இரு தரப்பிடமும் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பழக வேண்டும்.

அல்சூர்க்காரன்:
கேள்விகள் அருமை. இவற்றைக் கேட்க மதிப்பீடே வேண்டாமே! அவர் சொல்வதை மட்டும் கேட்பதும் போதாது. வியாழன் மாலை அடிபட்டவர்களையும் கேளுங்கள்.

ஒயிட்ஃபீல்டு வாசகி:
கேட்கலாம், அவர் சம்மதத்தோடு; யாரைக் கேட்பது என்பதையும் அவரே சொல்லட்டும். அந்தப் பதில்கள் பயிற்சியாளரிடமே இருக்க வேண்டும், சம்பள உயர்வுக் கோப்புக்குப் போகக் கூடாது. மதிப்பீடே வேண்டாம் என்பதில் மட்டும் உடன்பட மாட்டேன். அந்த அறிக்கை இல்லாவிட்டால் எங்கள் நிறுவனம் பயிற்சியாளருக்கே ஏற்பாடு செய்திருக்காது. மற்றவர்களுக்குக் கொடுத்த நேரத்தைத் தனக்கும் கொடுக்கச் சொல்லி தோழி நாளை மனிதவளத் துறைக்கு எழுதுகிறார்.