வியர்த்துக் கொட்டும் இடத்துக்கு எந்தச் சன்ஸ்கிரீன்?

கேள்வி (நிழல்தேடி): எண்ணெய் வழியும் மாநிறத் தோல். காற்றில் ஈரப்பதம் அதிகம். எஸ்.பி.எஃப் (வெயில் தடுப்பு அளவு) 50 கிரீம் பூசினால் முகம் சாம்பல் அப்பியதுபோல் வெளிறுகிறது. ஒரு மணி நேரத்தில் வழிந்து கண் எரிகிறது, மூக்கோரம் அழுக்குபோல் உருண்டு வருகிறது. 30-க்கு இறங்கலாமா?

கருவிழி: இறங்காதீர்கள். முழு அளவு பூசினால் 30-க்கும் 50-க்கும் பெரிய வித்தியாசமில்லை: ஒன்று தோலைச் சுட்டுச் சிவக்கவைக்கும் யு.வி.பி என்ற புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், மற்றது 98. ஆனால் சோதனையில் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் அந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள். நாம் பூசுவது பெரும்பாலும் அதில் பாதி, அதனால் பாதுகாப்பும் குறையும்; 50 என்றால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடியிலிருந்து நுனிவரை ஒரு கோடு பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். காது மடல் தனி.

தோலுக்குள் ஆழமாக இறங்கும் யு.வி.ஏ கதிரைப் பற்றி எஸ்.பி.எஃப் அதிகம் சொல்லாது. உறையில் யு.வி.ஏ பாதுகாப்பைக் காட்டும் பி.ஏ என்ற குறிக்குப் பக்கத்தில் நான்கு கூட்டல் குறியோ, வட்டத்துக்குள் யு.வி.ஏ முத்திரையோ இருக்கிறதா பாருங்கள்.

ஆவாரம்பூ: வெளிறலுக்குக் காரணம் கிரீமில் உள்ள வெள்ளைத் தாதுப்பொடிகளான துத்தநாக ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும். ஜெல் அல்லது நீர்த்த ஃபுளூயிட் வகைக்கு மாறுங்கள். மங்கு இருந்தால் டின்டட் (தோல் நிறம் கலந்த) வகை. அதிலுள்ள இரும்பு ஆக்ஸைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும்.

உருளுவது, அடியில் போட்ட மாய்ஸ்சரைசர் காயுமுன் மேலே தேய்ப்பதால். உங்கள் தோலுக்கு மாய்ஸ்சரைசரே தேவைப்படாமல் போகலாம். இரண்டு தடவையாகப் பிரித்து, தேய்க்காமல் ஒற்றிப் பூசுங்கள். 15 நிமிடம் விட்டு வெளியே போங்கள்.

கண் எரிவது, அவோபென்சோன் போன்ற, கதிரை உறிஞ்சும் வேதிப்பொருட்கள் வியர்வையோடு இறங்குவதால். புருவத்துக்கு மேலும் கண்ணைச் சுற்றியும் மட்டும் துத்தநாக ஸ்டிக். உறையில் 80 நிமிட நீர்த்தாங்கல் என்று போட்டிருக்க வேண்டும். வெயிலில் 2 மணி நேரத்துக்கொரு முறை மறுபூச்சு. துண்டால் அழுத்தித் துடைத்தால் உடனே. பவுடர் சன்ஸ்கிரீனை நம்ப வேண்டாம், தேவையான கனத்துக்கு அது ஒட்டாது.

நிழல்தேடி: நன்றி. பனிமலைக்குப் போனாலும் இதே ஜெல் போதுமா?

கருவிழி: போதாது. ஆல்கஹால் கலந்த ஜெல் வறண்ட குளிரில் தோலை இழுத்துப் பிடிக்கும், அங்கே கிரீம்தான். 1,000 மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் 10 சதவீதம் கூடும். புதுப்பனி 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும், அதனால் தாடையின் அடியிலும் மூக்குக்குக் கீழேயும் பூசுங்கள். உதட்டுக்கு எஸ்.பி.எஃப் உள்ள லிப் பாம்.